மணலெழுத்தும் சிறுகுழுக் கல்வியும்

மாணவ நண்பர்களே, சரித்திரம் என்றவுடன் முடியரசர்களும் போர்க்களங்களும் உடன்படிக்கைகளும் நம் நினைவுக்கு வருவது இயற்கை. இன்று நான் சொல்லப்புகும் சரித்திரத்தில் அவற்றுள் ஒன்றும் இல்லை. ஒரு பிடி மணலும், அதில் விரலால் எழுதும் ஒரு சிறுவனும், அவனருகே அமர்ந்து எழுத்தைத் திருத்தும் இன்னொரு சிறுவனுமே இதில் வருகின்றனர். வகுப்பில் பின்தங்கிய பிள்ளையைக் கைதூக்கி விடுவது எங்ஙனம் என்ற வினாவுக்கு நம் முன்னோர் கண்ட விடை யாது, அவ்விடை கடல் கடந்து சென்று எவ்வாறு உருமாறியது, நம் காலத்து ஆராய்ச்சியாளர் அதனை எப்படிச் சோதித்து அறிந்தனர் என்பனவே இப்பேச்சின் பொருள். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, இஃது ஏட்டில் மட்டும் படித்த பொருள் அன்று. என் பிழை ஒன்றும் இதில் கலந்திருக்கிறது. அதனையும் உரிய இடத்தில் சொல்வேன்.

முதலில் திண்ணைப் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். என் பாட்டனார் அத்தகைய பள்ளியில் படித்தவர். ஊரில் ஒரு வீட்டுத் திண்ணை. அங்கே ஓர் உபாத்தியாயர். ஐந்து வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒருங்கே அமர்ந்திருப்பர். இன்று போல் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவுகள் அங்கே இல்லை. ஒருவன் மணலில் அகரம் எழுதுவான். மற்றொருவன் எண்சுவடியை முறை சொல்வான். வேறொருவன் ஓலையில் எழுத்தாணி பிடிப்பான். அவரவர் எட்டிய இடத்திலிருந்து அவரவர் பாடம் தொடங்கும். உபாத்தியாயர் ஒருவரால் அத்தனை பேரையும் கவனிக்க இயலாது. ஆகவே மூத்த மாணாக்கன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக அமர்ந்து, இளையவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் இத்தகைய பள்ளிகளின் நடைமுறையை எழுதி வைத்திருக்கிறார். மாணவர்கள் அப்பகுதியைத் தவறாது படித்தல் வேண்டும்.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய முறை அன்று. பியெத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி 1623ஆம் ஆண்டு கன்னட நாட்டு இக்கேரியில், கோயில் முகப்பிலே சிறுவர் சிலர் தரையில் மெல்லிய மணலைப் பரப்பி, கணக்கை இசையோடு பாடிக்கொண்டே விரலால் எழுதக் கண்டு வியந்து எழுதினார். தென்னாட்டிலே இவ்வழக்கம் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதற்கு அது சான்று.

பின்னர்ச் சென்னை இராஜதானியின் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டு ஜில்லா கலெக்டர்களிடமிருந்து பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். அக்கணக்கின்படி இராஜதானி முழுவதிலும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அதற்குச் சற்று முந்திய காலத்தில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது தாழ்ந்த நிலை அன்று என்பது மன்றோவின் கருத்து. ஆயினும் நாம் பெருமையில் மயங்கிவிடலாகாது. அத்தனை பேரில் பெண்கள் 4,540 பேரே. சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளில் பெரும்பாலோர்க்குத் திண்ணையில் ஏறவே இடமில்லை. முறை நல்லது, அதன் கதவு குறுகியது. இவ்விரண்டையும் ஒருங்கே நினைவில் வைத்தல் வேண்டும்.

இனி எழும்பூருக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணிபுரிந்த ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆதரவற்ற மகன்களை வளர்ப்பதற்காக 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் ஓர் அநாதை இல்லம் தொடங்கப்பெற்றது. அப்பிள்ளைகளிற் பலருடைய தாயார் இந்நாட்டவர். அவ்வில்லத்தின் மேற்பார்வையை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். அப்பணிக்கு அவர் ஊதியம் பெறவில்லை. அங்கிருந்த ஆசிரியர்களோ தம் கடமையில் நாட்டமற்றவர்கள். மாதங்கள் கழிந்தும் பிள்ளைகளுக்கு எழுத்துப் பிடிபடவில்லை.

ஒரு நாள் காலை பெல் குதிரைமேல் செல்லும்போது, வழியில் ஒரு நாட்டுப் பள்ளியைக் கண்டார். சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். அவர் உள்ளத்தில் ஓர் ஒளி பிறந்தது. இல்லத்துக்குத் திரும்பியதும், கடைசி வகுப்புக்கு மணலில் எழுத்துக் கற்பிக்குமாறு ஆசிரியருக்கு ஆணையிட்டார். அது நடவாத காரியம் என்று அவ்வாசிரியர் மறுத்துவிட்டார். உடனே பெல், ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து அவ்வேலையை ஒப்படைத்தார். பெரியவர் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான். அதன்பின் பெல் இம்முறையை இல்லம் முழுவதற்கும் விரித்தார். ஒவ்வொரு வகுப்பிலும் வல்லவனும் மெலிந்தவனுமாக இருவர் இருவரைச் சேர்த்து, ஒருவனைக் கற்பிப்பவனாகவும் மற்றவனைக் கற்பவனாகவும் அமைத்தார்.

1796ஆம் ஆண்டு இந்தியாவை விட்டுச் சென்ற பெல், அடுத்த ஆண்டே இலண்டனில் இச்சோதனையைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயர் இங்கிலாந்தில் பரவிற்று. மணலின் பயனை நாட்டுப் பள்ளியிடமிருந்து கற்றதைப் பெல் மறைக்கவில்லை. ஆனால் மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைத் தம் கண்டுபிடிப்பாகவே கருதினார். பல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823ஆம் ஆண்டு மன்றோவுக்கு அனுப்பிய அறிக்கையில், முன்னேறிய மாணாக்கர் பின்தங்கியோர்க்குக் கற்பிக்கும் நாட்டு வழக்கத்தைப் பாராட்டி, இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தக்கதே என்று குறித்தார். சட்டாம்பிள்ளையின் பெயரை இங்கிலாந்து அறியவில்லை; ஆனால் அவன் வேலையை அது எடுத்துக்கொண்டது. பெல் பிறந்த ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், அவர் விட்டுச்சென்ற பொருளால் 1833ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பள்ளிக்கு ‘மதராஸ் கல்லூரி’ என்றே பெயர்.

இங்கேதான் சரித்திரம் ஒரு திருப்பத்தை அடைகிறது. இங்கிலாந்தில் ஜோஸப் லங்காஸ்டர் என்பவரும் 1798ஆம் ஆண்டு இலண்டனின் தென்பகுதியில் ஏழைச் சிறுவர்க்கென ஒரு பள்ளி தொடங்கி, இதையொத்த முறையைக் கையாண்டார். அவருடைய நோக்கம் உயர்ந்தது. ஆனால் ஓர் ஆசிரியரே ஆயிரம் சிறுவரை நடத்தலாம் என்று அவர் உரைத்தபோது, கேட்டவர்களின் காதில் விழுந்த சொல் ‘சிக்கனம்’ என்பதே. பெருங்கூடங்கள் எழுந்தன. நீண்ட வரிசைகளில் நூற்றுக்கணக்கான சிறுவர் அமர்ந்தனர். மணி அடித்தால் எழுவதும், சைகை காட்டினால் பலகையை உயர்த்துவதுமாகப் பள்ளி ஒரு படைப்பயிற்சிக் களம் ஆயிற்று. அருகிலிருந்து திருத்தும் தோழன், வரிசையைக் காக்கும் காவலனாக மாறினான். நாளடைவில் அம்முறையின் மதிப்புக் குறைந்தது. 1846ஆம் ஆண்டு முதல் மாணவ ஆசிரியர்களைப் பயிற்றும் வேறோர் ஏற்பாட்டை ஆங்கில அரசு மேற்கொண்டது. பின்னர் ஒரு வகுப்பு, ஓர் ஆசிரியர், ஒரே பாடம், ஒரே வேகம் என்னும் இன்றைய அமைப்பு உலகெங்கும் நிலைபெற்றது. நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

வகுப்பு முறையை நான் பழிக்கவில்லை. அதனால்தான் கோடிக்கணக்கானோர் எழுத்தறிவு பெற்றனர். திண்ணையில் இடம் பெறாதவர்க்கும் பெஞ்சியில் இடம் கிடைத்தது. ஆனால் அம்முறையில் ஒரு குறை உண்டு. ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். நாற்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழி என்றால், சில பிள்ளைகள் முப்பத்தைந்து என்று எழுதுவர். ஏன்? இரண்டிலிருந்து ஏழு போகாது; ஆகவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்று வைத்துக்கொள்கின்றனர். அதற்குப் பின் ஒரு சிந்தனை இருக்கிறது, அச்சிந்தனை பிழையானது. ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் அதன்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த நோட்டை எடுக்கிறார். நான்கு பேர் உள்ள குழுவிலோ, “இதை எப்படிச் செய்தாய்?” என்று கேட்க நேரம் உண்டு. அவ்வொரு கேள்வியில் நோயின் வேர் தெரிந்துவிடும். கடன் வாங்கும் முறையைப் பத்துக் குச்சிகளைக் கொண்டு விளக்கினால், அன்றே தீரும். தீர்க்காமல் விட்டாலோ, அடுத்த ஆண்டு வகுத்தலும் வாராது. அதற்கு அடுத்த ஆண்டு பின்னமும் வாராது. பாடம் முன்னே போய்க்கொண்டே இருக்கும். பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்பான்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். 1987ஆம் ஆண்டு ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆசிரியனாக இருந்தேன். வகுப்பில் ஐம்பத்து நான்கு பேர். கடைசி பெஞ்சியில் ஒரு பையன். தந்தை வயல் கூலி. தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்பவர். கரும்பலகையில் நான் எழுதியதை அவன் முத்து முத்தாக நோட்டில் எழுதுவான். அவ்வழகைக் கண்டு, அவன் நன்றாகப் படிக்கிறான் என்று எண்ணியிருந்தேன். ஒரு நாள் அவன் வீட்டுக்கு வந்த அஞ்சலட்டை ஒன்றை என்னிடம் கொண்டுவந்து, “சார், இதைப் படித்துச் சொல்லுங்கள்” என்றான். “நீயே படியேன்” என்றேன். தலை குனிந்தான். எழுத்துக்களை வரைவதற்கு அவனுக்குத் தெரியும், படிக்கத் தெரியாது. எட்டு ஆண்டுகள் பள்ளிக்கு வந்த பிள்ளை அவன். அந்த எட்டில் நான் பங்கேற்ற ஆண்டும் ஒன்று.

அன்று மாலையே அவனையும், அவனைப் போன்ற மூவரையும் நிறுத்திக்கொண்டு, முதலாம் வகுப்புப் பாடநூலிலிருந்து தொடங்கினேன். நாள்தோறும் முக்கால் மணி நேரம். ஆறு வாரங்களில் அவன் சிறு சொற்களைக் கூட்டிப் படிக்கத் தொடங்கினான். கடைத்தெருவில் பெயர்ப்பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டே போகிறான் என்று அவன் தாயார் மகிழ்ந்து சொன்னார். பிறகு எனக்கு வேறு பணிகள் வந்தன. மாலை வகுப்பு வாரத்துக்கு இருமுறை ஆயிற்று, பின் ஒருமுறை ஆயிற்று, பின் நின்றுபோயிற்று. பரீட்சை முடிந்ததும் அனைவரையும் போல் அவனையும் ஒன்பதாம் வகுப்புக்குத் தேர்ச்சி அளித்தோம். அவன் சேர்ந்த மறு பள்ளியில் அரையாண்டுக்கு மேல் அவன் நிற்கவில்லை என்று பின்னர் அறிந்தேன். என்னை யாரும் குறை கூறவில்லை. நான் செய்தது ஓர் உபகாரம் என்றே சொன்னார்கள். பாதியில் நின்ற உபகாரம் எவ்வளவு மெலிந்தது என்பதைப் பிற்காலத்து ஆராய்ச்சிகளைப் படித்தபோதுதான் நான் தெளிவாக உணர்ந்தேன்.

அவ்வாராய்ச்சிகள் எவை? ஓர் ஏற்பாட்டால் நன்மை விளைந்ததா என்பதை எவ்வாறு அறிவது? தனிப்பயிற்சி பெற்ற பிள்ளை முன்னேறினான் என்றால், அவன் இயல்பாகவே முன்னேறியிருக்கக் கூடாதா என்று ஐயம் எழும். இவ்வையத்தைப் போக்க, ஆராய்ச்சியாளர் சீட்டுக் குலுக்கல் போன்ற ஒரு முறையைக் கையாளுகின்றனர். ஒரே நிலையிலுள்ள பல பள்ளிகளையோ மாணவரையோ எடுத்து, குலுக்கலில் வந்த ஒரு பாதிக்கு மட்டும் பயிற்சி அளித்து, மறு பாதியோடு ஒப்பிடுகின்றனர். பகுப்பு தற்செயலானதால், முடிவில் காணும் வேற்றுமை பயிற்சியால் விளைந்தது என்று துணிந்து கூறலாம். அவ்வேற்றுமையைத் திட்டவிலக்கம் என்னும் அளவால் குறிப்பர். மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவு அது.

அமெரிக்காவின் சிகாகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெஞ்சமின் புளூம் 1984ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல ஆசிரியர் ஒருவர் ஒரு மாணவனுக்கோ இரண்டு மூன்று பேருக்கோ அருகிருந்து கற்பித்தால், முப்பது பேர் உள்ள வழக்கமான வகுப்பைவிட இரண்டு திட்டவிலக்கம் அளவுக்கு முன்னேற்றம் வருகிறது என்றார். அதாவது, தனிப்பயிற்சி பெற்ற நடுத்தர மாணவன், வழக்கமான வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேரை விஞ்சி நிற்பான். இவ்வளவு பெரும் பயனைப் பின்வந்த விரிந்த ஆராய்ச்சிகள் காணவில்லை. எனினும் ஆளுக்கோர் ஆசிரியரை அமர்த்த எந்த நாட்டுக்கும் இயலாதாகையால், அப்பயனைக் குறைந்த செலவில் பெறுவது எப்படி என்று புளூம் எழுப்பிய வினா நிலைத்து நிற்கிறது.

அதற்கு முன்பே, 1982ஆம் ஆண்டு, பீட்டர் கோஹன், ஜேம்ஸ் குலிக், சென்-லின் குலிக் ஆகிய மூவர், மாணவரே மாணவருக்குக் கற்பித்தது பற்றிய 65 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். கற்றவர் முன்னேறினர் என்பதில் வியப்பில்லை. கற்பித்த மாணவரும் அப்பாடத்தில் ஏறக்குறைய அதே அளவுக்கு முன்னேறினர் என்பதே சிறப்பு. பிறர்க்குக் கற்பிப்பதனால் தம் அறிவும் உறுதிப்படுகிறது என்று பல்லாரிக் கலெக்டர் 1823இல் குறித்தது, ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகள் கழித்து எண்களால் மெய்ப்பிக்கப்பட்டது.

இனி நம் நாட்டுச் சோதனை. மும்பையிலும் வடோதராவிலும் ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனம் ‘பால்சகி’ என்ற திட்டத்தை நடத்திற்று. பால்சகி என்றால் குழந்தைகளின் தோழி என்று பொருள். பள்ளியிறுதி வரை படித்த உள்ளூர் இளம்பெண் ஒருத்தி, இரண்டு வாரப் பயிற்சி பெற்று, மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளைப் பிரித்து அழைத்துச் சென்று, பள்ளி நேரத்திலேயே நாள்தோறும் இரண்டு மணி நேரம் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பித்தாள். அவளுக்கு மாதம் 500 முதல் 750 ரூபாய்தான் கிடைத்தது. அபிஜித் பானர்ஜி, ஷான் கோல், எஸ்தர் டூஃப்லோ, லீ லிண்டன் ஆகியோர் இதனை 2001 முதல் 2003 வரை சோதித்து, 2007ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். குலுக்கல்படி சில பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக்கும் சில பள்ளிகளில் நான்காம் வகுப்புக்கும் பால்சகி அனுப்பப்பட்டாள். ஆய்வில் அடங்கிய மாணவர் 15,000க்கு மேற்பட்டவர்.

இரண்டாம் ஆண்டின் முடிவில், பால்சகி வந்த வகுப்புகளின் சராசரி 0.28 திட்டவிலக்கம் உயர்ந்திருந்தது. எளிதாகச் சொன்னால், நூறு பேரில் நடுவில், ஐம்பதாவதாக நின்றவன் முப்பத்தொன்பதாம் இடத்துக்கு ஏறியதற்கு ஒப்பாகும். அவ்வுயர்வின் பெரும்பகுதி கடைநிலையில் இருந்த பிள்ளைகளுடையது. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பின்தங்கியோர் வெளியே சென்றதால் வகுப்பறையில் எஞ்சியோரின் எண்ணிக்கை குறைந்தது. ஆயினும் அவர்கள் அதனால் குறிப்பிடத்தக்க பயன் அடையவில்லை. எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் போதாது. கற்பிக்கும் பாடம் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கவேண்டும் என்பதே இதன் பொருள். திட்டம் நின்ற ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது, பயன் 0.10 அளவுக்குச் சுருங்கியிருந்தது. இந்த எண்ணைப் படித்த நாளில், 1987ஆம் ஆண்டின் ஆறு வாரங்கள் என் கண்முன் வந்து நின்றன. பானர்ஜியும் டூஃப்லோவும் இத்தகைய சோதனை முறைக்காக, மைக்கேல் கிரெமருடன் சேர்ந்து, 2019ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

பின்தங்கிய வயதுவந்த மாணவரைத் தூக்கிவிட முடியாது, காலம் கடந்துவிட்டது என்று பலர் சொல்வதுண்டு. சிகாகோ நகரில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் மிகுந்த அரசுப் பள்ளிகளில், ஒன்பதாம் பத்தாம் வகுப்பு மாணவர் இருவருக்கு ஒரு பயிற்றுநர் என்ற கணக்கில், பள்ளி நேரத்தில் நாள்தோறும் கணிதம் கற்பிக்கப்பட்டது. ஓராண்டில் கணிதத் தேர்வில் 0.18 முதல் 0.40 வரை திட்டவிலக்கம் முன்னேற்றம் காணப்பட்டது. 2023ஆம் ஆண்டு அம்முடிவுகளை வெளியிட்ட ஜொனாதன் குரியனும் அவர் குழுவினரும், காலம் இன்னும் கடந்துவிடவில்லை என்னும் பொருள்படவே தம் கட்டுரைக்குத் தலைப்பிட்டனர். 2020ஆம் ஆண்டு மூன்று ஆராய்ச்சியாளர், குலுக்கல் முறையில் நடந்த 96 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சராசரிப் பயன் 0.37 என்று கண்டனர். ஆசிரியரும் பயிற்சி பெற்ற உதவியாளரும் கற்பித்தபோது பயன் மிகுதி. பயிற்சியற்றவர் கற்பித்தபோது குறைவு. பள்ளி நேரத்தில் நடந்தவை, பள்ளி விட்டபின் நடந்தவற்றினும் சிறந்தன.

தமிழ்நாட்டுக்கே இவ்வினா ஒரு பெருஞ்சோதனையாக வந்தது. கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பெற்ற நம் தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அவ்வாண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. சுமார் இரண்டு இலட்சம் தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், தத்தம் ஊரில், தத்தம் தெருவில், மாலை வேளையில் ஏறத்தாழ இருபது பிள்ளைகளை அமர்த்திக் கற்பித்தனர். ஊக்கத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய். திண்ணைப் பள்ளிக்கூடம் மீண்டும் திண்ணைக்கே வந்தது போலிருந்தது. இம்முறை பெண்களே ஆசிரியர், எல்லார் பிள்ளைகளும் மாணாக்கர்.

அபிஜீத் சிங், மவ்ரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் தமிழக ஊர்ப்புறத்தில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்து பார்த்தனர். 2021 டிசம்பரில், பெருந்தொற்றுக்கு முன் அதே வயதில் இருந்த பிள்ளைகளைக் காட்டிலும் இவர்கள் கணக்கிலும் மொழியிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தனர். பள்ளி திறந்து ஆறு மாதங்களுக்குள் அவ்விழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ நூற்றுக்கு இருபத்து நான்கு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று அவர்கள் கணித்தனர். ஏழைப் பிள்ளைகள் மீள்வதற்கு அது பெரிதும் துணைநின்றது என்பதும் அவர்கள் முடிவு.

இவை அனைத்தையும் கொண்டு, சிறுகுழு ஒரு மந்திரக்கோல் என்று எண்ணிவிடலாகாது. லங்காஸ்டரின் சரித்திரம் நமக்கு ஓர் எச்சரிக்கை. திட்டம் பெரிதாகப் பெரிதாகச் சராசரிப் பயன் சுருங்குவதைப் பிற்கால ஆய்வுகளும் காட்டுகின்றன. இங்கிலாந்து அரசு 2020ஆம் ஆண்டு தேசியத் தனிப்பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதற்கென ஒதுக்கிய நிதி 2024ஆம் ஆண்டோடு முடிவுற்றது. நிதி நின்றால் குழுவும் கலையும். ஆகவே பயனுக்குரிய நிபந்தனைகளை நாம் தெளிவாக அறிதல் வேண்டும். குழு சிறியதாக இருத்தல், வாரத்தில் பல நாள் தவறாது கூடுதல், கற்பிப்பவர் மாறாதிருத்தல், வயதை நோக்காது பிள்ளையின் நிலையை நோக்கிப் பாடம் தொடங்குதல், கற்பிப்பவர்க்குச் சிறிதேனும் பயிற்சியும் துணையும் இருத்தல், இடையில் கைவிடாதிருத்தல். இவற்றுள் கடைசி நிபந்தனையில்தான் நான் தவறினேன்.

பிற்காலத்தில் தலைமையாசிரியன் ஆனபோது, அத்தவற்றைத் திருத்திக்கொள்ள முயன்றேன். முதற்பாட வேளையில் அரை மணி நேரத்தை ஒதுக்கி, ஆறாம் வகுப்பில் படிக்கத் தெரியாதவரை ஐவர் ஐவராகப் பிரித்து, ஆசிரியர் மேற்பார்வையில் ஒன்பதாம் வகுப்பு மாணவியரை அவர்களோடு அமர்த்தினேன். அட்டவணையில் எழுதப்பட்டதால், எனக்கு வேறு பணி வந்தாலும் அது நிற்கவில்லை. என் மனச்சாய்வுக்கும் நேரத்துக்கும் அதை விட்டிருந்தால் மீண்டும் நின்றிருக்கும். எல்லாரும் தேறிவிட்டனர் என்று பொய்யுரைக்கமாட்டேன். ஆனால் அஞ்சலட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்த பிள்ளையை அப்பள்ளியில் நான் மறுபடி காணவில்லை.

மாணவ நண்பர்களே, நீங்கள் நாளை ஆசிரியர் ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம். ஆனால் இன்றே உங்கள் தெருவில் உங்களைவிடச் சிறிய பிள்ளை ஒருவன், நாற்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழிக்கத் தெரியாமல் நோட்டை மூடி வைத்திருப்பான். அவனுக்குக் கற்பிக்க நீங்கள் பேரறிஞராக வேண்டியதில்லை. எட்டு வயதுப் பிரிஸ்கனால் முடிந்தது உங்களால் முடியும். இரண்டு மூன்று பேரை அருகே அமர்த்துங்கள். “இதை எப்படிச் செய்தாய்?” என்று கேளுங்கள். சொல்லும் விடையைப் பொறுமையாகக் கேளுங்கள். நீங்களும் அப்பாடத்தை மறுமுறை கற்பீர்கள். ஒன்றை மட்டும் இம்முதியவன் கேட்டுக்கொள்கிறேன். தொடங்கினால், அந்தப் பிள்ளை தானே படிக்கும் வரை நிறுத்தாதீர்கள்.